பேரைச் சொல்லவில்லையே

லூசியானேயைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் டோங்கா நாடு முழுக்கக் கடைகள் பூட்டிக் கிடக்கும். சாயங்காலம் திறப்பது ரொட்டிக் கடை மட்டும்தான். கோவிலுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு பாதி ஊர் அங்கே வரிசையில் நிற்கும். அந்தக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. சூடான பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போதே, போன வாரம் நீங்கள் ஏன் வரவில்லை என்றும் கேட்டுவிடுவாள்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவளுடையது. கணவன் இசிலேலி துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். அவனுடைய அம்மா பல வருஷம் படுத்த படுக்கையாக இருந்தாள். குளிப்பாட்டியது, சேப்பங்கிழங்கை மசித்து ஊட்டியது, புண் வராமல் புரட்டிப் போட்டது எல்லாம் லூசியானேதான். கிழவி வாய்த் துடுக்குக்காரி. "கொழுத்த பன்னு, இங்க வா" என்றுதான் மருமகளைக் கூப்பிடுவாள். இவள், "வத்தல் மீனு, வர்றேன் இரு" என்று பதில் கொடுப்பாள். தெருவில் போகிறவர்களுக்கும் அது கேட்கும்.

அந்தக் கிழவி செத்தபோது நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

மாமியார் செத்தால் மருமகளுக்கு இடம் சமையல் கொட்டகையில்தான். கிழிந்த பெரிய பாயை உடம்பில் சுற்றிக்கொண்டு, புகையில் நின்று, வருகிற கூட்டத்துக்கெல்லாம் ஆக்கிப் போடவேண்டும். உடலை எடுக்கிற நேரத்தில் உள்ளே போய் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு வந்துவிடவேண்டும். லூசியானேயும் அப்படித்தான் போனாள். கண்ணெல்லாம் புகையில் சிவந்திருந்தது. மண்டியிட்டாள், குனிந்தாள், முத்தம் கொடுத்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. கிழவியின் மார்பிலேயே முகம் புதைத்துக் கிடந்தாள். பாதிரியார் ஜெபத்தை நிறுத்தினார். பாட்டுக்காரர்கள் குரலை உயர்த்தினார்கள். கடைசியில் நான்கு ஆண்கள் கைகொடுத்துத் தூக்கித்தான் அவளை வெளியே கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அழாதவர்களே இல்லை. நானும்தான் அழுதேன்.

"மருமகள்னா இப்படி இருக்கணும்" என்று அடுத்த ஞாயிறு பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னார். இசிலேலியின் அக்கா அகனேசி அதற்கும் மேலே போனாள். எங்கள் ஊரில் ஓர் ஆணின் அக்கா என்றால் அந்த வீட்டுக்கே தலை. அவள் உட்காரச் சொன்னால்தான் தம்பி பெண்டாட்டி உட்காருவாள். அந்த அகனேசி, தன் அம்மா விசேஷங்களுக்கு உடுப்பின் மேல் கட்டிக்கொண்ட இடுப்புப் பாயை எடுத்துவந்து லூசியானேயின் மடியில் வைத்தாள். அம்மாவுக்கு அவள் அம்மா கொடுத்தது. கட்டிக் கட்டித் தேனின் நிறத்துக்கு வந்திருந்தது, துணி மாதிரி மெத்தென்று இருக்கும். "இது எனக்கு வரவேண்டியது. இனிமே உன்னோடது" என்றாள்.

லூசியானே தலையைக் குனிந்துகொண்டாள். என்ன சொல்லமுடியும்? நடந்தது அவளுக்குத்தானே தெரியும். மண்டியிட்ட முட்டி திரும்ப எழவில்லை. ஒரு கையை ஊன்றிப் பார்த்தாள், தரையில் விரித்திருந்த பாய் வழுக்கியது. பிணத்தின் மேல் கையை ஊன்றமுடியுமா? வெட்கத்தில் முகத்தைப் புதைத்தாள். ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. ராத்திரி இசிலேலி, "எங்கம்மா மேல உனக்கு அவ்ளோ ஆசையா லூசி?" என்று கண் கலங்கினபோது, அவனிடம்கூட அவள் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நாளில் மருத்துவமனையில் லூசியானேக்குச் சர்க்கரை ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். அங்கே இருந்த நர்ஸ், "மாத்திரை தர்றேன். ஆனா நடக்கணும். தினமும் நடக்கணும்" என்றாள். இசிலேலி காலணி வாங்கி வந்தான். முதல் நாள் லூசியானே தெருமுனை வரை போனாள். மூன்று நாய்கள் துரத்தின. திரும்பி வந்தவள் அந்த வாரம் முழுக்கக் காலணியைத் தொடவில்லை. அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் திருச்சபை விருந்து, பன்றியைக் குழியில் வைத்துச் சுட்டார்கள். திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன் என்பாள். எந்தத் திங்கட்கிழமை என்று நாங்கள் யாரும் கேட்கமாட்டோம்.

அப்போதுதான் மெலெனைதே வந்தாள். நைதே என்போம். லூசியானேயோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். ஒல்லி உடம்பு, வேகமான நடை. ஒரு கதையைச் சொன்னால் கேட்கிறவர்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்பார்கள்.

"நாளைக்குக் காலைல வர்றேன். பள்ளிக்கூட வேலி வரைக்கும் போவோம், திரும்பிடுவோம். அவ்வளவுதான்" என்றாள்.

"நாய்?"

"நாய்க்கு நான் குச்சி கொண்டுவர்றேன். நீ உன்னை மட்டும் கொண்டுவா."

பள்ளிக்கூட வேலி வரை போனார்கள். திரும்பி வந்ததும் நைதே குனிந்து லூசியானேயின் ஒரு காலணியைக் கழற்றி எடுத்துக்கொண்டாள்.

"ஏய், என்னடி பண்ற?"

"இது எங்க வீட்ல இருக்கட்டும். நாளைக்குக் காலைல கொண்டுவந்து மாட்டிவிடறேன். உன் காலணியைத் தூக்கிட்டு ஒருத்தி வாசல்ல நிக்கும்போது எப்படிடி படுத்திருப்ப?"

அந்த வித்தை பலித்தது. கோவில் மணி அடிக்கும் முன்னாலேயே நைதேயின் சீழ்க்கை கேட்கும். ஒரு கையில் கொய்யாக் குச்சி, மறு கையில் காலணி. லூசியானே முனகிக்கொண்டே வெளியே வருவாள். வேலி வரை போனது மீன் சந்தை வரை என்றானது. பிறகு கடலோரச் சாலை முழுவதும். மழை பெய்தால் குடை. மூட்டு வலித்தால் பாதி தூரம். "பாதி நடந்தாலும் நடைதான், படுத்திருந்தா அது தூக்கம்" என்பாள் நைதே. ஞாயிறு மட்டும் கிடையாது. அன்றைக்கு ஓடியாடினால் போலீஸே வந்து கேட்கும். "கர்த்தரே உனக்கு லீவு குடுத்துட்டாரு. நான் குடுக்க மாட்டேன்" என்று சனிக்கிழமை மிரட்டிவிட்டுப் போவாள்.

மாதங்கள் போயின. லூசியானேயின் உடுப்பைத் தைத்துச் சுருக்கவேண்டி வந்தது. கல்லாவில் உட்காராமல் நின்றே பன் விற்றாள். நர்ஸ் சர்க்கரையைப் பார்த்துவிட்டு இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். "நான் எங்கங்க நடந்தேன்? நைதே இழுத்துட்டுப் போனா" என்று எல்லாரிடமும் சொன்னாள் லூசியானே. எங்களிடம் பேசும்போது பாதிப் பேச்சு நைதே சொன்னது, நைதே சிரித்தது என்றுதான் இருக்கும்.

கூட நடக்கிறவரின் முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை. பாதையைப் பார்த்துக்கொண்டே பேசலாம். வேறெங்கும் வராத பேச்சு அங்கே வந்துவிடும். ஒரு காலையில் நைதே கேட்டாள்:

"உண்மையைச் சொல்லுடி. நீ எதுக்காக நடக்க ஆரம்பிச்ச? சர்க்கரைன்னு சொல்லாத. சர்க்கரைக்குப் பயந்தவ பன்னுக் கடைல வேலை பார்ப்பாளா?"

லூசியானே சொல்லிவிட்டாள். முட்டி, வழுக்கிய பாய், நான்கு ஆண்கள், பாதிரியார், மடியில் வைக்கப்பட்ட இடுப்புப் பாய், எல்லாவற்றையும்.

நைதே கடல் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. லூசியானேக்கும் சிரிப்பு வந்தது. இவ்வளவு நாள் நெஞ்சில் கல்லாக இருந்தது அப்போதுதான் இறங்கியது. சிரிப்பு அடங்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"வத்தல் மீனுக்கு இது தெரிஞ்சிருந்தா செத்ததை விட்டுட்டு எழுந்து சிரிச்சிருக்கும்" என்றாள். பிறகு நைதேயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாதடி. அண்ணிக்குத் தெரிஞ்சா என்னைப் பார்க்கவே மாட்டாங்க."

"செத்தாலும் சொல்லமாட்டேன்" என்றாள் நைதே.

நைதே ஒரு பெரிய உடம்புக்காரியை இத்தனை நாள் விடாமல் நடக்கவைத்த சேதி ஊரில் பரவியது. அந்த வருஷம் சபைகளின் பெண்கள் மாநாட்டில் உடல்நலம் பற்றிப் பேச ஆள் தேடினார்கள், நைதேயைக் கூப்பிட்டார்கள். மாநாட்டை ரேடியோவில் அப்படியே ஒலிபரப்புவார்கள். எங்கள் தீவுகளில் ரேடியோவைக் கேட்காத வீடு கிடையாது. அந்த வாரம் முழுக்க நடையில் நைதே பேச்சை ஒத்திகை பார்த்தாள். லூசியானே, "இங்க நிறுத்திப் பேசு, இங்க குரலை இறக்கு" என்று சொல்லிக் கொடுத்தாள். அந்த ஒத்திகையில் முட்டியும் இல்லை, பாயும் இல்லை.

மாநாட்டன்று லூசியானே லீவு போட்டுவிட்டாள். தேங்காய்ப் பாலில் மீன் ஊறப்போட்டு அகனேசியைச் சாப்பிடக் கூப்பிட்டாள். என்னையும் கூப்பிட்டாள். "நம்ம நைதே பேசறா, அண்ணி. வந்து கேளுங்க" என்று ரேடியோவின் சத்தத்தைத் தானே கூட்டி வைத்தாள். இடுப்பில் அந்தத் தேன் நிறப் பாய்.

நைதே நன்றாகத்தான் ஆரம்பித்தாள். காலணிக் கதையைச் சொன்னாள், அரங்கம் சிரித்தது. லூசியானே எங்களைப் பார்த்துத் தலையாட்டினாள், "நான்தான், நான்தான்" என்கிற மாதிரி. பிறகு நைதே ஒத்திகையில் இல்லாத இடத்தில் குரலை இறக்கினாள்.

"ஆரம்பிக்கறதுக்கு ஒரு காரணம் வேணும், சகோதரிகளே. என் தோழி ஒருத்தி, பேரைச் சொல்ல மாட்டேன், அவளோட காரணத்தைச் சொல்றேன்..."

லூசியானேயின் கை ரேடியோவை நோக்கிப் போனது. பாதியில் நின்றுவிட்டது. அணைத்தால் அண்ணி ஏன் என்று கேட்பாள். அணைக்காவிட்டால் அதுவே சொல்லிவிடும். அது சொல்லிவிட்டது. மாமியார் சாவு. மண்டி. "அழுகைன்னு நினைச்சாங்க, அது முட்டி!" என்று நைதே சொன்ன இடத்தில் அரங்கம் ஓவென்று சிரித்தது. அடங்கவே இல்லை. "நாலு ஆம்பளைங்க! நாலு பேரு!" என்றாள் நைதே சிரிப்புக்கு நடுவில். பேச்சு முடிந்ததும் கைதட்டல் மழை மாதிரி விழுந்தது.

நாட்டில் எத்தனை சாவு வேண்டுமானாலும் நடந்திருக்கட்டும், நான்கு ஆண்கள் தூக்கிவந்த மருமகள் ஒருத்திதான்.

அகனேசி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அண்ணி..." என்றாள் லூசியானே.

"எங்கம்மா சாவுல நாடே சிரிக்குது" என்றாள் அகனேசி. அவள் கத்தவில்லை. எழுந்து வாசலுக்குப் போனவள் திரும்பிப் பார்த்தாள். "அதை அவிழ்த்துக் குடு."

லூசியானே இடுப்புப் பாயை அவிழ்த்தாள். கயிற்று முடிச்சு சட்டென்று அவிழவில்லை, நான்தான் உதவினேன். இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாள். அகனேசி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ரேடியோ அதற்குள் இசிலேலியின் துறைமுகத்துக்கும் போயிருந்தது. சாயங்காலம் வந்தவன் மனைவியைத் திட்டவில்லை. வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல, லூசி" என்றான். "நான் சிரிச்சிருப்பனா? அவகிட்ட சொல்லத் தோணிச்சு, எங்கிட்ட தோணலையா?"

லூசியானே அந்த ஷூவை எடுத்து உள்ளே வைத்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல சீழ்க்கை. வாசலில் நைதே, ஒரு கையில் குச்சி, மறு கையில் காலணி. முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டியாடி? எப்படிக் கை தட்டினாங்க பார்த்தியா? முடிஞ்சதும் முப்பது நாப்பது பேரு என்னைச் சுத்திக்கிட்டாங்க. எல்லாரும் நடக்கப் போறாங்களாம். உன்னாலதான்!"

லூசியானே கதவருகிலேயே நின்றாள். "ஏன் சொன்ன?"

"பேரைச் சொல்லலையேடி!"

"நாலு பேருன்னு சொன்னியே. பேர் எதுக்கு?"

நைதேயின் சிரிப்பு அப்போதுதான் கொஞ்சம் குறைந்தது. "நல்லதுக்குத்தானே சொன்னேன்? சும்மா நட நடன்னா யார் கேப்பா? அங்க நின்னு பார்த்தேன், பாதிப் பேரு தூங்கறாங்க. உன் கதை வாயில வந்துடுச்சு. அதைக் கேட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. எத்தனை பேரோட காலைக் காப்பாத்தியிருக்க தெரியுமா நீ?"

"நான் காப்பாத்தல. நீ என்னை வித்துட்ட."

"என்னடி பெரிய வார்த்தையெல்லாம்..."

"அஞ்சு வருஷம் அந்தப் பொம்பளைக்கு மலம் அள்ளினேன், நைதே. முட்டி எழும்பலைன்னா என் அழுகை பொய்யா? நான் அங்க அழவும் செஞ்சேன். உங்கிட்ட அதையும்தான் சொன்னேன். அதை ஏன் ரேடியோவுல சொல்லல?"

"அதைச் சொன்னா..." என்று இழுத்தாள் நைதே.

"சிரிப்பு வராது" என்றாள் லூசியானே. கையை நீட்டித் தன் காலணியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டு ஜன்னல் வரை அந்தச் சத்தம் கேட்டது. நைதே குச்சியைத் தரையில் தட்டிக்கொண்டே போனாள்.

ஊரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கேலி எங்களுக்கு உப்பு மாதிரி. அது இல்லாமல் பேச்சு இறங்காது. ரொட்டிக் கடை வரிசையில் ஆரம்பித்துவிட்டார்கள். "லூசியானே, ரெண்டு ரொட்டி. கீழ் அடுக்குல இருந்தா வேணாம்மா, குனிஞ்சிடாத!" என்றான் ஒருவன். "நாலு பேரைக் கூப்பிடட்டுமா?" என்றான் பின்னால் நின்றவன். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. நாளைக்கு அவளுக்கு ஒன்று என்றால் முதலில் ஓடி வருகிறவர்களும் அவர்கள்தான். முன்பெல்லாம் அவளும் திருப்பிக் கொடுப்பாள். இப்போது சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தாள்.

நடை நின்றுபோனது. காலணிகள் இரண்டும் வீட்டிலேயே இருந்தன. மாட்டிவிட ஆள் இல்லை. இசிலேலி ஒரு வாரம் கூட வந்தான். துறைமுக வேலை உடம்பைப் பிழிந்துவிடும், அவனால் முடியவில்லை. அலாரம் வைத்தாள், அணைத்தாள். சுவரில் நர்ஸ் கொடுத்த படத்தை ஒட்டினாள். நடக்கச் சொல்கிற படம் யாரையும் நடக்கவைத்ததில்லை, அவளை எப்படி நடக்கவைக்கும்? சுருக்கிய உடுப்பைப் பிரித்துத் தைத்தாள். நான் ஒருநாள், "நான் கூட வரட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம்" என்றாள். "கூட யாராவது வந்தா நான் பேசிடுவேன்."

திரும்பவும் நடந்தாள் என்றால், அது எந்த உறுதியினாலும் இல்லை. பஸ்ஸினால்தான். காலை பஸ்ஸில் ஊர்க்காரர்கள் முழுக்க இருப்பார்கள். அவள் ஏறினதும் யாராவது எழுந்து, "வாங்க, உட்காருங்க, ஆனா எழுந்திருக்கறது உங்க பொறுப்பு" என்பார்கள். பஸ்ஸே குலுங்கும். ஒருநாள் நிறுத்தத்தில் நின்றிருந்தவள், பஸ் வருவதைப் பார்த்ததும் திரும்பி மரவள்ளித் தோட்டங்களுக்கு நடுவே போகிற மண்பாதையில் இறங்கிவிட்டாள். கடைக்குப் போய்ச்சேர்ந்தபோது உடுப்பு நனைந்திருந்தது, காலில் சேறு. முதலாளி கேட்டதற்கு, "பஸ்ஸை விட்டுட்டேன்" என்றாள். மறுநாளும் பஸ்ஸை விட்டாள். அதற்கடுத்த நாளும்.

உடம்புக்காக நடக்கிறோம் என்று அவள் நினைக்கவே இல்லை. அதனால்தானோ என்னவோ நிற்காமல் நடந்தாள். மழையிலும் நடந்தாள், பஸ்ஸில் ஏறுவதைவிட மழை மேல். வேலை முடிந்து திரும்பும்போதும் அதே பாதை. நாய்களுக்குக் கடையில் மிஞ்சின ரொட்டித் துண்டுகளைப் பையில் வைத்திருந்தாள். துரத்தின நாய்கள் கூட வர ஆரம்பித்தன.

கடலோரச் சாலையில் நைதேயின் கூட்டம் பெருத்தது. ஒரே நிறச் சட்டை போட்டு விடியற்காலையில் பாடிக்கொண்டே போவார்கள். உண்மையைச் சொன்னால் அவர்களில் பலர் இளைத்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திக்கு மாத்திரை பாதியானது. நைதே ஒருநாள் ரொட்டிக் கடை வரிசையில் வந்து நின்றாள். முறை வந்ததும் குரலை இறக்கி, "வாடி, எல்லாருக்கும் உன்னைப் பார்க்கணுமாம். நீ வந்தா சந்தோஷப்படுவாங்க. நான் மன்னிப்பு வேணாலும் கேக்கறேன்" என்றாள்.

"எத்தனை ரொட்டி?" என்று கேட்டாள் லூசியானே.

"லூசி..."

"எத்தனை?"

"ஒண்ணு."

ஒரு ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தாள். "அடுத்தவங்க" என்றாள்.

அகனேசி வருஷக் கடைசியில் ஞாயிறு சாப்பாட்டுக்கு வர ஆரம்பித்தாள். தம்பி போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தான். பாய் வரவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. அம்மாவின் பேச்சு வரும்போது மட்டும் லூசியானே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இப்போது சட்டென்று எழுந்துவிட முடிகிறது அவளால்.

இந்த வருஷம் ஆக்லாந்திலிருந்து லாவினியா என்று ஒருத்தி குடும்பத்தோடு திரும்பி வந்தாள். ரேடியோ கதை அவளுக்குத் தெரியாது. அவள் வீடு மரவள்ளித் தோட்டத்தை ஒட்டி இருந்தது. நாய்கள் பின்தொடர ஒருத்தி தினமும் போவதையும் வருவதையும் பார்த்துவிட்டு, ஒரு காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, நானும் உங்ககூட வரட்டுமா? தனியா நடந்தா எனக்கு நாலு நாள்ல விட்டுப்போயிடுது."

லூசியானே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வா. ஆனா பேசக்கூடாது."

லாவினியா சிரித்துவிட்டாள். லூசியானே சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சில வாரங்கள் இருவரும் பேசாமலேயே நடந்தார்கள். நடை பழகப் பழக லாவினியாவுக்கு வாய் அடங்கவில்லை. ஒருநாள் பாதி வழியில் ஆரம்பித்தாள்:

"அக்கா, நாங்க ஏன் அங்கிருந்து வந்தோம்னு யாருக்கும் தெரியாது. என் மூத்த பையன்..."

"சொல்லாத" என்றாள் லூசியானே.

"இல்லக்கா, உங்களைப் பார்த்தா சொல்லணும்னு தோணுது..."

"தோணும். நடக்கும்போது எல்லாருக்கும் தோணும். வீட்டுக்குப் போய் உன் புருஷன்கிட்ட சொல்லு. எங்கிட்ட வேணாம்."

லாவினியாவின் முகம் சுருங்கியது. கொஞ்சம் பின்தங்கினாள். லூசியானே நிற்கவில்லை. ஆனால் நடையைக் குறைத்துக்கொண்டாள். லாவினியா பக்கத்தில் வந்து சேர்ந்ததும், பையிலிருந்து ரொட்டித் துண்டுகளில் பாதியை எடுத்து அவள் கையில் வைத்தாள். நாய்களுக்கு யார் முதலில் போடுவது என்று பார்த்துக்கொண்டே இருவரும் கடைவரை போனார்கள்.